பாக்கி

ஒல்லாந்தர் இந்த மேட்டுக்குத்
தங்கள் தளபதி ஒருவனின் பெயரை இட்டுப் போனார்கள்.
நாங்கள் புதுக்கடை என்கிறோம்.
கடை பழசாகி, கறுப்புக் கோட்டுகள் குடியேறி,
இன்று என் மேசைக்கு முன்னால்
ஒரு வாங்கில் இரண்டு பேர்.

வாங்கு போர்த்துக்கேயரிடம் வாங்கியது.
என் கதிரையும் அவர்களுடையதே.
கந்தோர் ஒல்லாந்தருடையது.
இறப்பர் முத்திரை மட்டும் என்னுடையது,
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்பதில்
சத்தியம் தேய்ந்துவிட்டது.

தர்மகுலசிங்கத்தின் மனைவி
நோர்வேயின் வட நுனியில் மீன் வெட்டுகிறாள்.
தாளில் அவள் வீடு: அறை இரண்டு, வின்டு மூன்று.
வின்டு என்றால் யன்னல், எழுதிவிட்டேன்.
அந்தச் சொல்லுக்குள் பழைய கடலோடி ஒருவன்
'காற்றின் கண்' என்று சொன்ன வாயோடு
செத்துக் கிடக்கிறான்.
பக்கத்துச் சுவீடன்காரர் அந்தக் கண்ணை மூடிவிட்டு
ஜெர்மன் வழியாக லத்தீனில் வேறொன்று வாங்கிக்கொண்டார்கள்.
நாங்களும் காலதர் என்றோம் ஒருகாலம்,
கால் காற்று, அதர் வழி.
பிறகு கப்பல் வந்தது, யன்னல் என்றோம்.
காற்று ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

"மூண்டு யன்னல் காணுமோ, விசா தருவாங்களோ?"
என்கிறார் தர்மகுலசிங்கம்.

அந்த மொழிக்கு முன்பு வேற்றுமை நான்கு.
சொல்லின் வாலில் தொங்கின.
வியாபாரிகள் வந்தார்கள், கொள்ளைநோய் வந்தது,
குழந்தைகள் சோம்பினார்கள்,
வால் உதிர்ந்தது.
ஏட்டு அரபுக்கு வேற்றுமை மூன்று.
குவைத்தின் குசினியில் மசாஹிராவை அதட்டிய அரபுக்கு
ஒன்றுகூட இல்லை.
வேற்றுமையே இல்லாத மொழியில்
அவ்வளவு உரக்க அதட்ட முடியும் என்று
இலக்கணத்தில் எங்கும் இல்லை.

எங்களிடம் எட்டும் பத்திரம்.
இந்த ஊரில் அதற்கு மேலும் உண்டு,
பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை கேட்ட நாள்களில்
எண்ணி முடியவில்லை.

பத்தரைக்கு ஒஸ்மண்ட் பிளேன்டீ கொண்டுவந்தான்.
"இங்குரு தெம்மா," என்று வைத்தான்.
"ஸன்ஜபீல்," என்றாள் மசாஹிரா, வாய் தவறி,
சொன்னதும் வாயைப் பொத்தினாள்.
கைபேசியில் இரவெல்லாம் படித்ததைக் காட்ட
"இங்கெஃபேர்," என்றார் தர்மகுலசிங்கம்.
இஞ்சி. மூன்று கிளாசிலும் ஒரே துண்டு.
அந்தக் கடைசி 'ஃபேர்' எங்கள் வேர்தான் என்று
சிலர் சொல்கிறார்கள்.
நான் சத்தியம் செய்யமாட்டேன்.
சத்தியத்துக்குப் பக்கம் ஆயிரத்தைந்நூறு.

மசாஹிராவின் தாளை எடுத்தேன்.
பணியகத்துக்குத் தமிழ்ப் பிரதி வேண்டுமாம்.
வீட்டுக்காரனின் கையொப்பம், நாள்,
அதற்கு மேலே சாய்ந்த எழுத்தில் ஒரு வரி:
பதினான்கு மாதச் சம்பளம்,
பாக்கீ.

பேனா நின்றது.
பெயர்ப்பதற்கு ஏதுமில்லை.
இவள் கடல் கடக்கப் பல நூறு வருஷம் முன்பே
இந்தச் சொல் எதிர்த்திசையில் கடந்து வந்து
புறக்கோட்டைக் கடைக் கொப்பிகளில் குந்தி
இன்னும் தீராமல் இருக்கிறது.
நெடிலைக் குறுக்கினேன். அவ்வளவுதான் என் வேலை.

எட்டிப் பார்த்தாள்.
"அத மட்டும் அவங்கட பாசைலேயே எழுதிட்டீங்களே."
"இல்ல. அது எங்கட பாசை."
"அப்ப காசும் எங்கடதானே," என்றாள்,
சிரிக்காமல்.

தர்மகுலசிங்கம் கிளாசின் அடியில் கிடந்த துண்டை
விரலால் எடுத்துக் கடித்தார்.
எங்கள் கந்தோருக்கு ஒரே யன்னல்,
அதையும் வழக்குக் கட்டுகள் அடைத்திருக்கின்றன.

முத்திரை குத்தினேன்.
இரண்டு பக்கம், மூவாயிரம்.
ஆயிரத்தைந்நூறை எண்ணி வைத்துவிட்டு
என் முகத்தைப் பார்த்தாள்.

நான் கொப்பியைத் திறந்தேன்.